பிரஷரும் இதயத்தில் நடக்கும் ஒட்சியேற்றமும்: கிளினிக் குளிசையை விட்டுவிட்டு கெப்சூல் போடலாமா?

பாலையூற்றில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, பிரஷர் வந்து பல வருடமாகிறது. திருகோணமலையில் கிளினிக் போய் லொசார்டன், அம்லோடிபின் என்ற இரண்டு பிரஷர் குளிசைகள் எடுக்கிறார். அண்மையில் எக்கோ (இதய ஸ்கேன்) செய்தபோது இடது இதயவறையின் சுவர் தடித்திருப்பதாக எழுதிக் கொடுத்தார்களாம். இதைக் கேள்விப்பட்ட கனடா மாமா, "எல்லாம் ஒக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸால் வருவது, அதை அடக்கினால் பிரஷர் தானாக இறங்கும்" என்று சொல்லி, விற்றமின் ஈ முதலான அன்டிஒக்சிடன்ட் (ஒட்சியேற்றத்தை அடக்கும் பொருள்) சேர்ந்த கெப்சூல் போத்தல்கள் அனுப்பியிருக்கிறார். அப்பா இப்போது கெப்சூலை ஒழுங்காகப் போடுகிறார், கிளினிக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார். மாமா சொல்வது சரியா, பிரஷருக்கும் இந்த ஒட்சியேற்றத்துக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே அப்பாவைப் பழையபடி தினமும் குளிசை போடச் சொல்லுங்கள். விட்ட நாட்களுக்கும் சேர்த்து இரட்டிப்பாகப் போட வேண்டாம். கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் அளவு போதும். மிச்சத்தை ஆறுதலாகப் பார்ப்போம்.

மாமா சொன்னதில் ஒரு பகுதி உண்மை. உயர் குருதி அமுக்கம் உள்ளவர்களின் இதயத்திலும் நாடிகளிலும் ஒட்சியேற்றத் தாக்கம் கூடுதலாக இருப்பது ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். அதனால்தான் அவர் பேச்சு அப்பாவுக்கு நம்பும்படி இருந்திருக்கும். அவர் தவறியது அடுத்த படியில்: ஒட்சியேற்றம் கூடியிருக்கிறது, ஆகவே அன்டிஒக்சிடன்ட் விழுங்கினால் சரி என்று எடுத்த முடிவில். அந்த முடிவு பார்க்க நேராகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான நோயாளிகளில் சோதித்துப் பார்த்து, சரிவராது என்று தெரிந்த முடிவு அது.

இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஓய்வில்லாத அந்த வேலைக்குச் சக்தி கொடுப்பது கலங்களுக்குள் இருக்கும் இழைமணிகள் (மைட்டோகொண்ட்ரியா). இதயத் தசைக் கலத்தின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு அளவு இழைமணிகளே. அவை ஒட்சிசனைப் பயன்படுத்திச் சக்தி உண்டாக்கும்போது சில இலத்திரன்கள் வழி தவறி ஒட்சிசனில் ஏறிவிடும். அப்படிப் பிறப்பதுதான் சுப்பர் ஒட்சைட். இது நோயில்லை, உங்களிலும் என்னிலும் இந்த நிமிடமும் நடப்பது. இதை அடக்க உடம்பே நொதியங்களை வைத்திருக்கிறது. சுப்பர் ஒட்சைட்டை ஐதரசன் பெரொட்சைட்டாக மாற்றும் சுப்பர் ஒட்சைட் டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியத்தை 1969 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கோர்டும் ஃப்ரிடோவிச்சும் அடையாளம் கண்டார்கள். அப்புறம் கற்றலேஸ் போன்ற நொதியங்கள் அந்தப் பெரொட்சைட்டை நீராக்கிவிடுகின்றன. உண்டாவது அடக்கக்கூடிய அளவைத் தாண்டிப் போகும் நிலையைத்தான் ஒட்சியேற்றத் தகைப்பு, அதாவது மாமா சொன்ன ஒக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், என்கிறோம்.

பிரஷர் இங்கே இரண்டு வழியாக உள்ளே வருகிறது.

முதல் வழி பாரம். நாடியில் அமுக்கம் 120 இலிருந்து 160 ஆகிறது என்றால், இடது இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் அந்த 160 க்கு எதிராகக் குருதியைத் தள்ள வேண்டும். சுவரின் இழுவிசை கூடும். அந்த இழுவிசையை இதயத்தின் தசைக் கலங்கள் உணர்கின்றன. வேலை கூடும்போது இழைமணிகளில் கசிவும் கூடுகிறது. சுவர் தடித்தால் இழுவிசை மீண்டும் குறையும், அதனால் இதயம் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. எக்கோவில் கண்டது இதைத்தான். ஆரம்பத்தில் இது இதயம் தன்னைக் காப்பாற்றச் செய்யும் வேலை.

இரண்டாவது வழிதான் அப்பாவின் விஷயத்தில் முக்கியமானது. சிறுநீரகத்தில் தொடங்கும் ஒரு ஓமோன் தொடர் உண்டு, அதன் கடைசியில் வருவது அஞ்சியோடென்சின் 2. நாடிகளை இறுக்கும், உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், பிரஷரைக் கூட்டும். இதற்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது 1994 இல் வெளிப்பட்டது. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் கேத்தி கிரீண்ட்லிங்கின் குழு, நாடிச் சுவரின் தசைக் கலங்களில் அஞ்சியோடென்சின் 2 பட்டதும் சுப்பர் ஒட்சைட் உண்டாக்கும் ஒரு நொதியம் முடுக்கப்படுவதைக் காட்டியது. நாடப் ஒக்சிடேஸ் என்று அதற்குப் பெயர். வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்துவதும் இந்த நொதியக் குடும்பத்தைத்தான். இழைமணியில் சுப்பர் ஒட்சைட் தவறிப் பிறக்கிறது என்றால், இந்த நொதியத்துக்கு அதை உண்டாக்குவதே தொழில். அது நாடியிலும் இதயத் தசையிலும் இருக்கிறது.

இன்னொரு பரிசோதனையையும் சொல்ல வேண்டும், எனக்கு இது மிகவும் பிடித்தது. 1996 இல் அதே பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு இரண்டு விதமாகப் பிரஷரை ஏற்றினார்கள். சிலவற்றுக்கு அஞ்சியோடென்சின் 2, மற்றவற்றுக்கு நோர்அட்ரினலின். இரண்டு கூட்டத்துக்கும் பிரஷர் ஏறியது. ஆனால் நாடிகளில் சுப்பர் ஒட்சைட் கூடியது அஞ்சியோடென்சின் கொடுத்த எலிகளில் மட்டும். அதாவது மீட்டரில் தெரியும் எண் ஒன்றாக இருந்தாலும், அந்த எண்ணை ஏற்றியது எது என்பதைப் பொறுத்து உள்ளே நடக்கும் சேதம் மாறும்.

இப்படி உண்டான சுப்பர் ஒட்சைட் முதலில் போய் மோதுவது நைத்திரிக் ஒட்சைட்டுடன். நாடிகளின் உட்சுவர் சுரக்கும் இந்த வாயுதான் நாடியைத் தளர்த்துகிறது. இதைக் கண்டுபிடித்த வேலைக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998 இல் நோபல் பரிசு கிடைத்தது. சுப்பர் ஒட்சைட்டும் நைத்திரிக் ஒட்சைட்டும் சந்தித்தால் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது, பெரொக்சிநைட்ரைட் என்ற கடுமையான பொருளாகிவிடும். நாடியைத் தளர்த்த வேண்டியது போய்விட்டது, அதன் இடத்தில் புரதங்களைச் சேதப்படுத்தும் ஒன்று வந்துவிட்டது. அதோடு நிற்பதில்லை. நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும் நொதியத்துக்கு ஒரு துணைப் பொருள் தேவை. ஒட்சியேற்றம் அதையும் கெடுத்துவிடும். துணை இல்லாமல் போன நொதியம் நைத்திரிக் ஒட்சைட்டுக்குப் பதிலாகச் சுப்பர் ஒட்சைட்டையே உண்டாக்கத் தொடங்குகிறது. நாடி இறுகுகிறது, பிரஷர் ஏறுகிறது, இதயத்தின் பாரம் கூடுகிறது, ஒட்சியேற்றம் இன்னும் கூடுகிறது. பிரஷர் ஒட்சியேற்றத்தை வளர்க்க, ஒட்சியேற்றம் பிரஷரை வளர்க்கிறது.

இதயத் தசைக்குள் இதன் விளைவு மெதுவாகத்தான் தெரியும். ஒட்சியேற்றம் கலத்தின் வளர்ச்சிச் சைகைகளைத் தூண்டுவதால் சுவர் தேவைக்கு மேலும் தடிக்கிறது. தசை நார்களுக்கு இடையில் கொலாஜன் படிகிறது. தடித்த தசைக்கு ஏற்றபடி மயிர்க்குழாய்கள் பெருகுவதில்லை, அதனால் உள்ளே ஒட்சிசன் போய்ச் சேர்வது குறைகிறது. கல்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும் வாயில்கள் கசியத் தொடங்குகின்றன. துடிப்புக்குக் கல்சியம் வெளியே வர வேண்டும், தளர்வதற்கு அது திரும்பி உள்ளே போக வேண்டும். அந்தப் போக்குவரத்து குழம்புகிறது. கடைசியில் சுருங்கும் பலம் இருந்தும் தளர முடியாத இதயம் மிஞ்சுகிறது. அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதியில் நின்று மூச்சு வாங்குவார், "வயசாகிட்டுது" என்பார். எத்தனையோ பேர் அப்படிச் சொல்லியே வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள். அப்பாவிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்: முன்பு நிற்காமல் ஏறிய இடத்தில் இப்போது நிற்க வேண்டியிருக்கிறதா, இரவில் தலையணையை உயர்த்த வேண்டியிருக்கிறதா, பின்னேரத்தில் கால் வீங்குகிறதா என்று.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் வேர் ஒட்சியேற்றம்தானே என்று மாமா கேட்பார். மனிதரில் பிரஷர் தொடங்குவதற்கு வயது, பரம்பரை, உப்பு, உடல் எடை, சிறுநீரகம் என்று பல காரணங்கள். ஒட்சியேற்றம் பெரும்பாலும் அவற்றோடு சேர்ந்து வந்து, சேதத்தைப் பெருக்குகிறது. நாடப் ஒக்சிடேஸின் ஒரு பகுதி இல்லாமல் பிறந்த எலிகளுக்கு அஞ்சியோடென்சின் கொடுத்தபோது பிரஷர் குறைவாகவே ஏறியது. அதனால் அதன் பங்கு உண்மையானது. ஆனால் பங்கு இருக்கிறது என்பதற்காக, அதை விற்றமின் கெப்சூலால் அணைத்துவிடலாம் என்று ஆகிவிடாது.

இதற்கு மிகத் தெளிவான பதிலைத் தந்தது ஹோப் என்ற ஆய்வு. கேரளாவில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃபின் தலைமையில் நடந்து 2000 ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. இதயநோய் ஆபத்து அதிகமுள்ள, 55 வயதுக்கு மேற்பட்ட ஒன்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரே ஆய்வுக்குள் இரண்டு கேள்விகள். ராமிபிரில் என்ற குளிசை உதவுமா? தினமும் 400 அலகு விற்றமின் ஈ உதவுமா? ராமிபிரில் அஞ்சியோடென்சின் 2 உண்டாவதையே குறைக்கும் மருந்து. அதை எடுத்தவர்களில் மாரடைப்பு, பாரிசவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 22 வீதம் குறைந்தன. விற்றமின் ஈ எடுத்தவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. அவர்களில் பலரைத் தொடர்ந்து கவனித்து 2005 இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலையானது: விற்றமின் ஈ எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு சற்றுக் கூடுதலாகவே வந்திருந்தது. 2002 இல் பிரித்தானியாவில் 20,536 பேரில் விற்றமின் ஈ, சீ, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் இதயத்துக்கு நன்மை கிடைக்கவில்லை.

ஹோப் ஆய்வை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது ஏனென்றால், அப்பாவின் மேசையில் இருப்பதும் அதே இரண்டு வகைப் பொருட்கள். ஒரு பக்கம் அஞ்சியோடென்சினைத் தடுக்கும் குளிசை, மறுபக்கம் விற்றமின் ஈ. உலகத்தில் பெரிய செலவில் ஏற்கெனவே நடந்து முடிந்த பரிசோதனையை வீட்டில் அப்பாவின் இதயத்தை வைத்து மறுபடி செய்ய வேண்டாம்.

கெப்சூல் ஏன் வேலை செய்யவில்லை? எதிர்க்காற்றில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய படகின் எஞ்சின் கரும்புகை கக்கும்போது, மீனவர் யாரும் புகையைத் துடைத்துக்கொண்டு இருப்பதில்லை, பாரத்தைக் குறைக்கிறார். இங்கும் அதுதான். சுப்பர் ஒட்சைட் நைத்திரிக் ஒட்சைட்டோடு சேரும் வேகத்துக்கு முன்னால் விற்றமின் சீயின் வேகம் ஒன்றுமே இல்லை. விழுங்கிய விற்றமின் வந்து சேர்வதற்குள் சேதம் முடிந்துவிடும். விற்றமின் ஈ கொழுப்புப் படலங்களில் தங்குவது. சேதம் இழைமணிக்குள்ளும் நொதியத்தின் வாசலிலும் நடக்கிறது. இன்னொன்றும் உண்டு. சிறிய அளவு ஒட்சியேற்றம் உடம்புக்குத் தேவையான சைகை. 2009 இல் ஜேர்மனியில் நடந்த ஆய்வொன்றில், உடற்பயிற்சி செய்தவர்களில் விற்றமின் சீயும் ஈயும் நிறைய எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் அந்த நன்மை கிடைக்காமல் போனது. பயிற்சி தரும் சிறு ஒட்சியேற்றத்தைக் கண்டுதான் உடம்பு தன் சொந்தப் பாதுகாப்பு நொதியங்களைப் பெருக்குகிறது. வெளியிலிருந்து அதை அடைத்துவிட்டால் உடம்புக்குச் செய்தி போய்ச் சேராது.

இனி கிளினிக் குளிசைக்கு வருவோம். லொசார்டன், அஞ்சியோடென்சின் 2 வந்து பிடிக்கும் ஏற்பியை மறிக்கிறது. ஏற்பி மறிக்கப்பட்டால் நாடப் ஒக்சிடேஸுக்குப் போகும் கட்டளையும் நிற்கிறது. பிரஷர் குறைவதால் பாரமும் குறைகிறது. மாமா கெப்சூலில் தேடியது இந்தக் குளிசையில் இருக்கிறது, அதுவும் ஊற்றிலேயே அடைக்கும் விதத்தில். 2002 இல் வெளியான லைஃப் ஆய்வு, அப்பாவைப் போல் பிரஷரும் தடித்த இதயச் சுவரும் உள்ள 9,193 பேரில் லொசார்டனையும் அட்டெனொலோல் என்ற வேறொரு பிரஷர் குளிசையையும் ஒப்பிட்டது. பிரஷர் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கியது. ஆனால் லொசார்டன் எடுத்தவர்களின் இதயத் தடிப்பு கூடுதலாகக் குறைந்தது, பாரிசவாதம் 25 வீதம் குறைவாக வந்தது. எக்கோவில் தடிப்பு என்று எழுதியதைக் கண்டு மனம் விட வேண்டாம் என்பதற்கும் இதுவே ஆதாரம். சுவர் தடிப்பு ஓரளவு திரும்பக்கூடியது. (இதை வாசித்துவிட்டு அட்டெனொலோல் எடுக்கும் யாரும் அதை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு காரணங்களுக்காகக் கொடுக்கப்பட்டிருக்கலாம், திடீரென நிறுத்துவது ஆபத்து.)

ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது இங்கே ஏன் பிழையாகிறது என்றால், லொசார்டன் உடம்பில் நெடுநேரம் நிற்காது. அதன் வேலை ஏறத்தாழ ஒரு நாளோடு முடிகிறது. அம்லோடிபின் கொஞ்சம் கூட நிற்கும். ஆகவே குளிசை போடாத நாளில் நாடிகள் ஓரளவு தளர்ந்தே இருக்கலாம், மீட்டரில் எண்ணும் அவ்வளவு மோசமாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இதயத்தில் அஞ்சியோடென்சினுக்குக் கதவு திறந்தபடி இருக்கும். அப்பா "பிரஷர் கூடவில்லைத்தானே" என்று சொன்னால் இதை விளங்கப்படுத்துங்கள். 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கையில் இருந்ததை நீட்டிப் பாவிக்கப் பலர் இப்படிப் போடப் பழகினார்கள். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது மருந்து கிடைக்கும்போதும் அந்தப் பழக்கத்தைத் தொடரக்கூடாது.

சாப்பாட்டில் முதலாவது உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது முழு நாளுக்கும் சேர்த்து மட்டமான ஒரு தேக்கரண்டி. எங்கள் கடற்கரைச் சாப்பாட்டில் கருவாடு, மாசிச் சம்பல், அப்பளம், ஊறுகாய், கறிக்குப் போடும் சூப் கட்டி என்று சேர்த்தால் மத்தியானத்துக்குள் அது முடிந்துவிடும். பாணிலும் உப்பு உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. உப்பு கூடினால் அஞ்சியோடென்சின் கூடாமலே நாடிகளில் ஒட்சியேற்றம் கூடுவதை விலங்குகளில் கண்டிருக்கிறார்கள், ஆகவே குளிசை போடுகிறேன்தானே என்று உப்பில் தாராளம் காட்ட முடியாது. கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்புக் குறையும், முழுதாகப் போகாது. திருகோணமலையில் பச்சை மீன் கிடைக்கும் நாளில் கருவாடு எதற்கு?

வல்லாரை, முருங்கை இலை, பப்பாசி, நெல்லி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். 1997 இல் வெளியான டாஷ் ஆய்வில் மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் உணவு கூடிய சாப்பாட்டால், உயர் பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் 11 அளவு இறங்கியது. இது ஒரு குளிசைக்குச் சமமான இறக்கம். உணவாகச் சாப்பிடும்போது கிடைக்கும் இந்த நன்மையைக் கெப்சூலில் பிரித்தெடுத்த ஒற்றை விற்றமின் தரவில்லை. ஒரு எச்சரிக்கை: லொசார்டன் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. சிறுநீரகம் பலவீனமானவர்கள் தினமும் செவ்விளநீர் குடிப்பதையும், பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு பாவிப்பதையும் டாக்டரிடம் கேட்காமல் செய்யக்கூடாது. அப்பாவுக்குக் கடைசியாகக் கிரியேட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் குருதிப் பரிசோதனை) பொட்டாசியமும் எப்போது பார்த்தார்கள் என்று கொப்பியில் தேடிப் பாருங்கள்.

சிகரட், பீடி, புகையிலை போட்ட வெற்றிலை மூன்றும் ஒட்சியேற்றத்தை நேரடியாகக் கூட்டுபவை. இதில் பேச்சுக்கு இடமில்லை. சத்தமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவும் பிரஷரை இறங்க விடாது. இடுப்பு வலிக்கு பார்மசியில் வாங்கிப் போடும் டைக்குளோஃபெனக் பிரஷரைக் கூட்டும், லொசார்டனோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் தாக்கும். இருமலுக்கு அதிமதுரம் அவித்துக் குடிக்கிற வீடுகள் எங்களிடம் நிறைய. ஓரிரு நாளுக்குப் பரவாயில்லை, வாரக்கணக்கில் குடித்தால் அது உடம்பில் உப்பைப் பிடித்து வைத்துப் பிரஷரை ஏற்றும்.

மாமா அன்போடு அனுப்பியது, அவரோடு சண்டை வேண்டாம். ஹோப் ஆய்வு அவர் இருக்கும் நாட்டிலிருந்து நடத்தப்பட்டதுதான் என்று சொல்லுங்கள், யோசிப்பார். அப்பா குருதி உறைவதைத் தடுக்கும் அஸ்பிரினோ வார்பரினோ எடுப்பவராக இருந்தால் கெப்சூலை உடனே நிறுத்த வேண்டும், விற்றமின் ஈ அளவு கூடினால் குருதிப் பெருக்கு ஏற்படலாம்.

அடுத்த கிளினிக்குக்கு முன் ஒரு கிழமை வீட்டில் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, கையை மேசையில் இதய மட்டத்தில் வைத்து, இரண்டு தடவை பாருங்கள். தேத்தண்ணி குடித்த கையோடு பார்க்க வேண்டாம். அந்தத் தாளையும் கெப்சூல் போத்தலையும் எக்கோ அறிக்கையையும் டாக்டரிடம் காட்டுங்கள். அப்பா இத்தனை நாளும் குளிசையை விட்டு விட்டுப் போட்டதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால், ஏறியிருக்கும் பிரஷரைப் பார்த்து மருந்து போதவில்லை என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடுவார்கள். அப்பா பிறகு ஒழுங்காகப் போடத் தொடங்கும்போது அது அளவுக்கு மீறி இறங்கி, தலைசுற்றி விழ வைக்கும்.